சிங்கத்தைப் பார்க்கலாம்!

ஆபீஸில் நீங்கள் இன்கிரிமென்ட் கேட்டதுண்டா? கேட்டிருந்தால் 'பார்க்கலாம்' என்ற வார்த்தையின் மகிமை தெரிந்திருக்கும். மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அழகாகப் புன்னகை செய்து, ''பார்க்கலாம்!'' என்பார். முடியாது என்றால் நாம் முறைப்போம். முடியும் என்றால் அவர் கொடுக்க வேண்டும். பார்க்கலாம் என்றால்? நாம்தான் ''தாங்க்ஸ் சார்'' சொல்லிவிட்டு வெளியே வருகிறோம்!

இந்த அற்புதமான வார்த்தையை அடியேன் ஆபீஸில் கற்று, வீட்டில் உபயோகித்து வந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, என் மகனின் வகுப்புத் தோழன் வண்டலூர் போய்விட்டு வரும் வரை.

மகனுக்கு ஏழு வயது. அந்தத் தோழன் வண்டலூரில் கம்பி வலை போட்ட வண்டியில் உட்கார்ந்து சிங்கம் பார்த்திருக்கிறான். சிங்கம் வண்டிக்குப் பக்கத்தில் வந்து கொட்டாவி விட்டதாம். கொட்டாவி வாசனை வரைக்கும் விவரித்திருக்கிறான் பாவி!

''நாமளும் போலாமாப்பா?''

''பார்க்கலாம்.''

இந்தப் 'பார்க்கலாம்' இரண்டு மாதம் தாங்கியது. பிறகு எதிர்க்கட்சியில் சகதர்மிணியும் சேர்ந்துவிட்டாள்.

''என்னங்க, அவன் கேட்டாலும் பார்க்கலாம், நான் கேட்டாலும் பார்க்கலாம். கல்யாணம் ஆகி ஒம்பது வருஷத்துல நாம ஒண்ணாப் போய்ப் பார்த்தது திருநள்ளாறு சனி பகவானையும் பல் டாக்டரையும்தான்!''

இரண்டுமே காரைக்காலில் இருந்து பஸ் சார்ஜ் குறைவு என்பதை நான் அந்த நேரத்தில் எடுத்துச் சொல்லவில்லை. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காரைக்காலில் இருந்து வண்டலூர் 250 கிலோமீட்டருக்கு மேல். வேன் வாடகை, ராத்திரி தங்க ரூம், சாப்பாடு, டிக்கெட், பொம்மை, எதிர்பாராத செலவு, எதிர்பார்த்த மச்சினன்... கூட்டிப் பார்த்தால் 19,000 ரூபாய். பி.காம். படித்த காலத்தில் கற்ற முறைப்படி கீழே இரண்டு கோடு போட்டேன். கோடு போட்ட கை நடுங்கியது.

வண்டலூர் பூங்காவின் பூர்வீகத்தையும் ஆராய்ந்தேன். 1855-ல் எழும்பூர் மியூசியம் வளாகத்தில் ஆரம்பித்து, பார்க் டவுனுக்கு வீடு மாறி, 1985-ல் வண்டலூரில் குடியேறியிருக்கிறது. 1855-லிருந்து இருக்கிற சமாசாரம் இன்னும் ஒரு வருஷம் நமக்காகக் காத்திருக்காதா என்ன?

அந்தச் சமயத்தில்தான் மச்சினன் உள்ளே நுழைந்தான். போட்டித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருப்பவன். வருஷம் சேர்க்காமல் வாக்கியத்தை முடிக்க மாட்டான்.

''அத்தான்! சஃபாரிதானே? எதுக்கு வண்டலூர்? கோடியக்கரை இருக்கே! 80 கிலோமீட்டர்தான். 1967-ல சரணாலயம் ஆச்சு. 2002-ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்துச்சு, தமிழ்நாட்டுலயே முதல் ஆளா. வண்டியில உட்கார்ந்துகிட்டே காட்டுக்குள்ள போலாம். மான், நரி, குதிரை, பூநாரை... எல்லாம் ஒரே நாள்ல!''

வேறு பேப்பரில் கணக்குப் போட்டேன். 4,200 ரூபாய்! மச்சினனை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாசத்தோடு பார்த்தேன்.

''அங்க சிங்கம் இருக்குமாப்பா?'' என்றான் மகன்.

அப்போது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கோடியக்கரையில் சிங்கம் கிடையாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இடது கையில் 19,000, வலது கையில் 4,200. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

''பார்க்கலாம்டா!''

ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமையில் வெளியூர்க்காரர்கள் எல்லாம் எங்கள் பக்கம் வருவார்கள், எள் தீபம் போட. நாங்கள் எதிர்த்திசையில் கிளம்பினோம். வேனில் நான், சகதர்மிணி, மகன், என் அம்மா, மச்சினன், டிரைவர் அண்ணன், ஒரு தூக்கு புளியோதரை, ஒரு தூக்கு தயிர்சாதம், மச்சினனின் சிப்ஸ் பாக்கெட்டுகள். 

திருமலைராயன்பட்டினம் தாண்டி வாஞ்சூர். எங்கள் ஊர் எல்லை. அண்டை மாநிலத்துக்காரர்கள் காரைக்காலுக்கு எதற்கெல்லாம் வருகிறார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். அதனால் PY 02 நம்பர் வண்டி எல்லை தாண்டினால் ஒரு மரியாதை உண்டு. நிறுத்தினார்கள்.

''பாட்டில் கீட்டில் ஏதாவது இருக்கா?''

நாங்கள் 'இல்லை' என்று வாய் திறப்பதற்குள் அம்மா, ''இருக்கே தம்பி!'' என்றாள்.

வேனே மௌனமாகிவிட்டது. டிரைவர் அண்ணன் முருகனைக் கூப்பிட்டார். அம்மா மஞ்சள் பைக்குள் கைவிட்டு இரண்டு பாட்டில்களை எடுத்து நீட்டினாள். ஒன்றில் முழங்கால் தைலம். இன்னொன்றில் நார்த்தங்காய் ஊறுகாய். போலீஸ்காரர் கடமை தவறாமல் இரண்டையும் மோந்து பார்த்தார். முதல் பாட்டிலில் கண்ணில் தண்ணீர். இரண்டாவதில் நாக்கில் தண்ணீர். ''போயிட்டு வாங்கம்மா'' என்று வழி விட்டார்.

நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, திருப்பூண்டி. அடுத்து வந்த ஊரின் பெயர்ப்பலகையை மகன் எழுத்துக் கூட்டிப் படித்தான்: வேட்-டைக்-கா-ர-னி-ருப்பு.

''அப்பா! வேட்டைக்காரர் இங்கதான் இருந்தாரா? அப்ப சிங்கம் பக்கத்துலதான் இருக்கும்!''

சகதர்மிணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம்: 'இதை எப்படிச் சமாளிக்கப் போறீங்கன்னு நானும் பார்க்கிறேன்.'

மச்சினன் என்னைக் காப்பாற்றினான். ''டேய், சொந்த வண்டியிலேயே போய் சிங்கம் பார்க்கிற பூங்காவை ஆப்பிரிக்காவுக்கு வெளிய முதல்ல ஆரம்பிச்சது எங்க தெரியுமா? இங்கிலாந்துல, லாங்லீட். 1966. ஒரு பிரபுவோட எஸ்டேட், ஒரு சர்க்கஸ்காரரோட யோசனை. அங்க சிங்கம் கூட சாது. குரங்குதான் மோசம். கார் மேல ஏறி வைப்பரைப் பிடுங்கிடும்!''

வேதாரண்யம் தாண்டி, அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள். இரு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பு குவித்து வைத்திருந்தார்கள். பசிக்கிறது என்று வண்டியை ஓரங்கட்டி, தயிர்சாதத்தைப் பிரித்தோம். ஒரு வாய் வைத்ததும் எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

''ஐயையோ... உப்புப் போட மறந்துட்டேனா?''

மச்சினன் தட்டும் கையுமாக எழுந்து நின்றான். ''1930! ஏப்ரல் 13-ல ராஜாஜி திருச்சியில கிளம்பி, தொண்டர்களோட நடந்தே வந்து, ஏப்ரல் 30-ந்தேதி வேதாரண்யத்துல உப்பு அள்ளினாரு. அப்பேர்ப்பட்ட பூமியில உப்பில்லாத தயிர்சாதமா? தியாகிகளுக்கு அவமானம் அத்தை!''

நார்த்தங்காய் நாட்டின் மானத்தைக் காப்பாற்றியது.

கோடியக்கரை வாசலில் கட்டணம் கட்டினோம். வழி காட்ட வனத்துறைக் காவலர் ஒருவர் வேனில் ஏறிக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும். காய்ந்த முந்திரிக்கட்டை மாதிரி தேகம். ஏறியதுமே சொல்லிவிட்டார்: ''ஹாரன் அடிக்கக் கூடாது. பாட்டுப் போடக் கூடாது. பிளாஸ்டிக் போடக் கூடாது. தீனி குடுக்கக் கூடாது. நான் சொல்லாம இறங்கக் கூடாது.''

''ஏன் தம்பி, மூச்சு விடலாமா?'' என்றாள் அம்மா.

''மெதுவா விடுங்கம்மா.''

முதல் அரை மணி நேரம் மரங்கள்தான். பாலை மரத்தைக் காட்டினார். வறண்ட காடு, ஆனால் வருஷம் பூராவும் பச்சை விடாத காடு என்றார். மகன் கழுத்தை நீட்டி ஒவ்வொரு புதருக்குப் பின்னாலும் பிடரி மயிரைத் தேடிக்கொண்டிருந்தான்.

ராமர் பாதம் அருகில் குரங்குகள். மச்சினன் காவலருக்குத் தெரியாமல் ஜன்னல் வழியாக ஒரே ஒரு சிப்ஸை நீட்டினான். ஒரு குரங்கு சிப்ஸை விட்டுவிட்டு அவன் மடியில் இருந்த பாக்கெட்டைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு விநாடி வேலை. ''லாங்லீட், 1966'' என்று ஞாபகப்படுத்தினேன். பதில் இல்லை.

பிறகு காடு சட்டென்று விலகியது. பெரிய புல்வெளி. அங்கே நின்றன வெளிமான்கள். இருபதுக்கு மேல் இருக்கும்.

நான் படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்தால் வேறு. கிடாய்க்கு முதுகு பூராவும் கருப்பு, வயிறு பளீரென்று வெள்ளை, தலையில் திருகு சுற்றிய இரண்டு கொம்புகள். பெட்டைகள் செம்மண் நிறத்தில், கொம்பில்லாமல், குட்டிகளோடு மேய்ந்துகொண்டிருந்தன. ஓடினால் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகுமாம். அதாவது எங்கள் வீட்டிலிருந்து அங்கே ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். எங்கள் வேனுக்கு இரண்டரை மணி ஆனது.

இந்தப் பக்கம், இருபது அடி தூரத்தில், நாலைந்து குதிரைகள். குட்டையான ஜாதி. ஒரு தாய்க் குதிரை, பக்கத்தில் அதன் குட்டி.

''யாரு குதிரை மாமா?'' என்று காவலரைக் கேட்டான் மகன்.

''யாருதும் இல்ல தம்பி. எந்தக் காலத்துலயோ யாரோ வளர்த்து விட்டது. காட்டுலயே பெருகிடுச்சு.''

யாருடையதும் இல்லாத குதிரை என்ற விஷயம் ஏழு வயசு மூளைக்குள் போய் என்ன செய்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவன் என் பக்கம் திரும்பினான். ''சிங்கம் இல்லவே இல்லையாப்பா?''

இனி 'பார்க்கலாம்' செல்லாது. ஆனாலும் தோல்வியை ஒப்புக்கொள்ள மனசில்லை. ''சிங்கத்தை விட இதான்டா நல்லது. சிங்கம்னா கதவை அடைச்சுக்கிட்டுப் பயந்து பயந்து பார்க்கணும். இதுங்க ஒண்ணும் பண்ணாது. நம்ம ஊர் ஆடு மாடு மாதிரிதான்!''

சொல்லிவிட்டு மான்களைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். மச்சினன் போட்டோ எடுப்பதற்காக வேன் கதவைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தான். எல்லோரும் மான் பக்கம். ஒரு நிமிஷம்கூட இருக்காது.

''என்னங்க... தம்பி எங்கே?''

மகன் கீழே நின்றுகொண்டிருந்தான். கையில் பாதி பிஸ்கட். குதிரைக்குட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான், எங்கள் தெருவில் கன்றுக்குட்டிக்கு வாழைப்பழத் தோல் கொடுக்கப் போவது மாதிரி. தாய்க் குதிரை தலையைத் தூக்கியது. இரண்டு காதும் பின்பக்கமாகப் படிந்தன.

சகதர்மிணி அலறினாள். அந்த அலறலில் புல்வெளியே கலைந்தது. இருபது மான்களும் ஆளுயரத்துக்கு எகிறி எகிறிக் குதித்துக்கொண்டு ஓடின. நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை.

நான் இறங்கப் போனேன். காவலர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். சத்தம் இல்லாமல் இறங்கினார். ''தம்பி, ஓடாதே. அப்படியே நில்லு. பிஸ்கட்டைக் கைக்குள்ள மூடிக்க. இப்பக் குதிரையைப் பார்த்துக்கிட்டே ஒவ்வொரு அடியா பின்னாடி வா... இன்னொரு அடி... நல்ல பிள்ளை...''

குதிரை முன்னங்காலால் தரையைச் சுரண்டியது. மகன் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினான். நான் கடவுள்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் கைக்கு எட்டியதும் காவலர் இடுப்போடு தூக்கி வேனுக்குள் வைத்துக் கதவை இழுத்து மூடினார். அதற்கு மேல்தான் எல்லோரும் மூச்சு விட்டோம். மெதுவாக.

காவலர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்:

''சிங்கம் நின்னிருந்தா அந்தக் கதவைத் திறந்திருப்பீங்களா சார்?''

நானும் மச்சினனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

''கடிக்காதுன்னு நினைக்கிறீங்க. குட்டி பக்கத்துல போனா குதிரை கடிக்கும், உதைக்கும். அது கிடக்கட்டும். பிஸ்கட் குடுத்துப் பழக்கிட்டுப் போயிடுவீங்க. அது நாளைக்கு வண்டியைக் கண்டா ரோட்டுக்கு வந்து நிக்கும். அடிபட்டுச் சாகும். இப்ப ஓடுச்சே மான்... மேயிற நேரத்துல ஓட வெச்சா அதுக்கு நஷ்டம்தானே?''

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். ''கஜா புயலுக்கு மறுநாள் இந்தக் காட்டைப் பார்த்திருக்கணும் சார் நீங்க. மரமெல்லாம் படுத்துக் கிடந்துச்சு. மானும் குதிரையும் அங்கங்க செத்துக் கிடந்துச்சு. தூக்கிப் போட்டது நாங்கதான். இப்ப இருபது ஒண்ணா நின்னு மேயுறதைப் பார்த்தா, அதை ஏன் அசைக்கணும்னு தோணும்.''

2018 நவம்பர் 16. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறிய புயல். காரைக்காலில் நாங்களும் அந்த ராத்திரி தூங்கவில்லை. அம்மா சுவாமி படத்துக்கு முன்னால் விளக்கை அணையாமல் கையால் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு மேலே கூரை இருந்தது. இவற்றுக்கு?

கிளம்பும்போது சதுப்பு நிலத்தின் ஓரம் வண்டியை நிறுத்தச் சொன்னார். தூரத்தில் தண்ணீருக்கு மேல் ரோஸ் நிறத்தில் ஒரு நீளக் கோடு. ''யாரோ சேலை காயப் போட்டிருக்காங்க'' என்றாள் அம்மா. பூநாரைகள்! நூற்றுக்கணக்கில். மச்சினன் வருஷம் எதுவும் சொல்லவில்லை. சகதர்மிணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சத்தமில்லாமல் பத்து நிமிஷம் பார்த்தோம். எங்கள் குடும்பத்தில் அது ஒரு சாதனை.

திரும்பி வரும் வழியெல்லாம் காவலரின் கேள்வியே மனசில் ஓடியது. சிங்கத்தைக் கண்டால் கண்ணாடியை ஏற்றுகிறோம், கதவை மூடுகிறோம், சொன்னபடி கேட்கிறோம். அது ஒழுக்கம் இல்லை சார், பயம். மானும் குதிரையும் ஒன்றும் பண்ணாது என்றவுடன் கதவு தானாகத் திறந்துவிடுகிறது.

யோசித்துப் பாருங்கள். ஆபீஸில் மேனேஜர் கேட்ட ஃபைல் பத்து நிமிஷத்தில் அவர் மேஜைக்குப் போகிறது. நாலு மாதமாக நடக்கிற பென்ஷன்காரப் பெரியவருக்கு என்ன சொல்கிறோம்? ''பார்க்கலாம்.'' மனைவி கேட்டால், ''பார்க்கலாம்.'' பிள்ளை கேட்டால், ''பார்க்கலாம்.'' கடிக்காதவர்களிடம் மட்டும்தான் இந்த வார்த்தையைச் சொல்கிறோம்!

வேளாங்கண்ணி தாண்டியதும் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். மகன் மட்டும் என் மடியில் முழித்துக்கொண்டிருந்தான். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்.

''டேய்... கோடியக்கரையில சிங்கம் இல்லேன்னு அப்பாவுக்கு முதல்லயே தெரியும்டா. செலவைப் பார்த்துட்டு அப்படிச் சொல்லிட்டேன். தப்புதான்.''

''எனக்கும் தெரியும்ப்பா'' என்றான் அவன். ''கிளம்புறதுக்கு முன்னாடியே மாமா சொல்லிட்டாரு.''

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ''அப்புறம் ஏன்டா வழி பூரா சிங்கம் சிங்கம்னே?''

''நீயா சொல்றியான்னு பார்த்தேன்.''

''சிங்கம் இல்லேன்னு தெரிஞ்சும் ஏன்டா வரேன்னே?''

''நீ ஆபீசுக்கு லீவு போட்டியேப்பா!''

வெளியே நாகூர் மினாரா விளக்கு தெரிந்தது. என் கண்ணுக்குக் கொஞ்சம் கலங்கலாகத்தான் தெரிந்தது. 19,000 என்று எழுதி இரண்டு கோடு போட்ட பேப்பரை மனசுக்குள் தேடி எடுத்தேன். அவன் தலையைத் தடவிக்கொண்டே கேட்டேன்:

''பெரிய லீவுல நாம எல்லாருமா வண்டலூர் போலாமாடா? நிஜமாவே சிங்கம் பார்க்க?''

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். என்னை மாதிரியே மோவாயைத் தடவினான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, ரொம்ப யோசித்து, சொன்னான்:

''பார்க்கலாம்!''